மூன்றாவது பூச்சு

அடுப்பு மறுபடியும் வெடித்திருந்தது. பனைகளுக்கு நடுவே வெட்டவெளியில் கட்டிய பெரிய விறகடுப்பு அது. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது அதில்தான். வாய்ப்பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து, புகை முழுக்க என் கண்ணுக்கே வந்தது.

என் வீட்டுக்காரர் சுடலைராஜ் முதலில் மண்ணைக் குற்றம் சொல்லிப் புது மண் பூசினார். அது விரிசல் விட்டதும் கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் பூசினார். அதுவும் உதிர்ந்ததும் கொத்தனாரைத் திட்டினார். இன்று விடிந்ததும், சூடு தாங்கும் பேஸ்ட் என்று கடையில் வாங்கி வைத்திருந்த டப்பாவைத் திறந்து, கோயிலில் சாமி சிலைக்கு அஷ்டபந்தன மருந்து சாத்துவதுபோலப் பயபக்தியோடு பூசினார்.

"ஏளா, இனி வெடிக்காது. இரும்பு மாதிரி நிக்கும்."

"சிமெண்டுக்கும் இதத்தான சொன்னிய."

அவர் டப்பாவின் அடியை வழித்து மிச்சத்தையும் பூசினார்.

காய்ச்சி முடிந்ததும் வழக்கம்போல நான் பாகுச் சட்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோனேன். இறுகுவதற்குள் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றியாக வேண்டும் என்பதால் அடுப்பை எப்போதும் அவர்தான் பார்த்துக்கொள்வார். இன்று அகப்பையை மறந்து திரும்பி வந்தேன்.

அவர் ஒரு குடம் தண்ணீரைக் கனன்றுகொண்டிருந்த அடுப்புக்குள் அப்படியே சாய்த்தார். ஆவி எழுந்தது. அதற்குள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

"என்ன பண்ணுதிய?"

"மிச்ச விறகு வீணா எரியுதுல்லா. தெனமும் இப்படித்தான அணைக்கேன்."

ஆவி விலகியது. புதுப் பூச்சில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடியிருந்தது. அவர் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். நான் காலிக் குடத்தைப் பார்த்தேன்.

"பாத்தியாளா," என்றார். "கடைக்காரன் டூப்ளிகேட்டத் தந்து ஏமாத்திட்டான்."