காருக்குத் தலையணை

பூமியின் ஈர்ப்பு விசை பயந்தவர்களை மட்டும்தான் இழுக்கும். இதை அவன் வாய்க்கு வந்தபடி உளறவில்லை. கார் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையில் தேநீரும் மறு கையில் பிஸ்கட்டுமாக, முழுப் பொறுப்போடு அறிவித்தான். சொல்லி முடிப்பதற்குள் நனைந்த பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அது பயந்த சுபாவமாக இருக்கலாம்.

எதற்கெடுத்தாலும் கைவசம் ஒரு கொள்கை வைத்திருப்பதால் மனைவி வீட்டில் அவனுக்குத் 'தியரி' என்று பெயர். மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரில் உள்ள முட்டிகளும் தோள்பட்டைகளும் அவள் கையில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடும். நாளைக் காலை அவள் தன்னந்தனியாக மலைப்பாதையில் காரோட்டிப் போய், மேலே இருக்கும் மருத்துவமனையில் புது வேலையில் சேர வேண்டும். காரோ ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது முன்பக்கம் 'டக்' என்கிறது.

"டிக்கியில கிடக்கிற குடையோட சத்தம் அது" என்று அவன் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டான்.

"குடைய எடுத்து ஒரு வாரமாச்சு, தியரி சார்" என்றபடி அவள் காரின் மூலையை உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அமுக்கிவிட்டாள். வலது பக்கம் ஒரு தடவை எழுந்து அப்படியே அடங்கியது. இடது பக்கம் எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது, யோசித்துத் தாழ்ந்தது.

"நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுது. இந்த வீட்ல நான் ஒருத்தன்தான்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ஷாக் அப்சார்பர் போயிருக்கு. தூக்கிப் பாத்தாதான் மூட்டு எப்படின்னு தெரியும்."

அவள் ஜாக்கியை எடுத்து வைத்தாள். இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும், பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கருங்கற்களையும் வரிசையாக வைத்தாள். கடைசியில் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டி வந்து சுவரில் சாய்த்தாள்.

"இது எதுக்கு? டயர்தான் நல்லாருக்கே."

"கீழ படுக்க வைக்க. ஜாக்கியும் ஸ்டாண்டும் சேர்ந்து கைவிட்டாலும் வண்டி இது மேல வந்து உக்காரும். நான் முட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி கீழ தலகாணி வைக்கிறதில்ல? அது மாதிரி."

"காருக்குத் தலகாணி!" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது மட்டும் போதுமா? போர்வை வேணாமா? நான் வேணா தட்டித் தூங்க வைக்கட்டுமா?"

உள்ளே போன் அடித்தது. "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தொடாதே என்று ஆண்களிடம் சொல்வதன் பொருள் என்னவென்று அறியாத வயதல்ல அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் தெருவையே உறங்க வைத்திருந்தது. கொட்டகைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் கிடந்தது. அவன் ஜாக்கியைப் பொருத்திச் சுழற்றினான். கற்கள்? பயந்தவர்களுக்கு. ஸ்டாண்டு? மிகவும் பயந்தவர்களுக்கு. ஹேண்ட் பிரேக்? வண்டிதான் கியரில் நிற்கிறதே. முன்சக்கரம் தரையை விட்டு மெதுவாகப் பிரிந்தது. தூக்கத்தில் ஒருவர் காலை மடக்கிக்கொள்வது போலிருந்தது.

செருப்பில் ஒன்றைக் கழற்றித் தலைக்கு வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் தலையை நுழைத்தான். உள்ளே வேறொரு வானம். சேறு காய்ந்த மேகங்கள், எண்ணெய் மினுக்கும் நட்சத்திரங்கள், தொங்கும் கம்பிச்சுருள் ஒன்று. கார் மிதந்தது. அவனும் மிதந்தான். வீடு, தெரு, நாளைய மலைப்பாதை எல்லாம் எடையில்லாமல் அவனைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. தன் கொள்கை இவ்வளவு அழகாக நிரூபணமாகும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. கண் செருகியது.

அப்போது கழுத்தில் ஓர் எறும்பு கடித்தது.

கொள்கைகளில் எறும்பு இடம்பெறுவதில்லை. அவன் "ஆ" என்று உருண்டு வெளியே வந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கார் பெருமூச்சு விட்டது. கியர் பிடித்து நிறுத்துவது முன்சக்கரங்களைத்தான்; அதில் ஒன்றைத் தூக்கியதுமே அந்தப் பிடி போயிருந்தது. கொட்டகைத் தரைக்கோ வாசல் பக்கமாக, யார் கண்ணுக்கும் படாத ஒரு சரிவு உண்டு. கார் ஒரு சாண் தூரம் ஆசையாக முன்னால் நகர்ந்தது. ஜாக்கி படுத்துக்கொண்டது. சக்கரம் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை.

அவன் ஓடிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பிறகு பார்த்தான். டயர் அவன் செருப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது. தலை இருந்த இடத்தில் சரியாக.

அவள் போன் பேசி முடித்து வந்தாள். "ஒத்தச் செருப்போட நிக்கிறீங்க. இன்னொண்ணு எங்க?"

"அங்க... இளைப்பாறுது."

அவள் செருப்பைப் பார்த்தாள். சாய்ந்த ஜாக்கியைப் பார்த்தாள். அவன் கழுத்தில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பைத் தட்டிவிட்டாள். திட்டியிருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல ஒரு கொள்கை கிடைத்திருக்கும். அவள் திட்டவில்லை.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். மறுபடி ஜாக்கி போட்டு, ஸ்டாண்டுகளை அடிச்சட்டத்தில் பொருத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்கினாள். இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கார் அசையவில்லை.

"சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. கைக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

ஆட்டினான். உள்ளங்கைக்குள் தெளிவாக ஓர் இடைவெளி தட்டியது. ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். குடையின் மானமும் அவன் மானமும் சேர்ந்து பிழைத்துவிடும்.

"டக்குங்குது" என்றான். "நல்லாவே ஆடுது. நாளைக்கு நீ பஸ்ல போ. நானும் கூட வரேன்."

"குடையா இருக்குமோ?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"பால் ஜாயிண்டா, வேற எதாவதான்னு பாத்துட்டா மெக்கானிக்கிட்ட சொல்லிரலாம்" என்று டார்ச்சோடு குனிந்தாள்.

"இரு."

அவன் சுவரோரம் போனான். ஸ்டெப்னியை உருட்டி வந்து, காரின் முன்கதவுக்குக் கீழே படுக்கப்போட்டுக் காலால் உள்ளே தள்ளினான். போதாதென்று மண்டியிட்டுக் கையால் இன்னும் கொஞ்சம் தள்ளினான். காரை ஒரு தடவை இடித்துப் பார்த்தான். இன்னொரு தடவையும்.

அப்புறம் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய், அவள் படுத்துப் பார்ப்பதற்கு ஒரு போர்வை எடுத்து வந்தான்.