இடது பக்கம், தோள் உயரத்தில்

"வாங்கி எங்க வைக்கும் மேடம்?" என்று அவள் கேட்டதும் அறையே சிரித்தது.

ஆய்வை நடத்தும் மேடம் புதிய மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பேசும்போது கையை ஆட்டுகிறவர்களுக்குப் படித்தது நன்றாக நினைவில் நிற்கிறது. கையை மடியில் கட்டிப்போட்டால் தடுமாறுகிறார்கள். "மூளை தூக்குற சுமையில பாதியைக் கை வாங்கிக்குதுன்னு வெச்சுக்குங்களேன். போன்ல வழி சொல்றவங்களைப் பாருங்க. எதிர்ல ஒரு ஆளும் இருக்காது, ஆனா கை லெஃப்ட்டு ரைட்டுன்னு காத்துல கோடு போடும்."

அப்போதுதான் அவள் வாயை விட்டாள். கேமரா அண்ணன் விடவில்லை. "நம்ம அளவுகோலுக்கு எதுக்கும் ஒரு இடம் வேணும். அட்ரஸ் குடுங்க மேடம், போய்ப் பாத்துட்டு வரட்டும்."

அளவுகோல் என்பது அங்கே அவளுக்கு வைத்த பெயர். நாற்காலி இம்மிகூட நகரக் கூடாது என்று தரையில் நீல நாடா ஒட்டியது அவள்தான். பகலில் இங்கே உதவியாளர் வேலை, மாலையில் புள்ளியியல் வகுப்பு. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காமல் அவள் வீடு போனதில்லை.

வேலை எளிதானது. தன்னார்வலர் நாற்காலியில் உட்காருவார். அவள் சில சொற்களைப் படித்துக் காட்டுவாள். அவற்றை மனதில் வைத்துக்கொண்டே அவர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியை விவரிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அவள் மேசை மணியை அடிப்பாள். பேச்சு பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டுச் சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அவள் ஒலியை அணைத்துவிட்டு, படத்தில் கை போன இடங்களை மட்டும் குறிப்பாள்.

ஆய்வு தொடங்கிய புதிதில் ஆள் கிடைக்காமல் அப்பாவைக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருடக் கடைசியில்தான் அவருக்கு மறதி வந்தது. அது மறதி மாதிரியும் இல்லை. கழற்றி மாட்டிய ஒவ்வொரு மோட்டாரும் நினைவிருக்கிறது, தெருவெல்லாம் தெரிகிறது, இறந்துபோன மனைவியின் பிறந்த நாள்கூடத் தெரிகிறது. மகளை மட்டும் தெரியவில்லை. "டீச்சர், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று சோற்றுத் தட்டை வாங்கிக்கொள்கிறார்.

"மறதி வரும்மா. ஆனா இப்படி ஒரே ஒரு ஆளை மட்டும் பொறுக்கி எடுத்துட்டுப் போகாது" என்று டாக்டரே குழம்பினார்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று அவள் கிடந்து தவித்தாள்.

அந்த வாரம் ஒரு பஸ் டிரைவர் தன்னார்வலராக வந்தார். கலகலப்பான மனிதர். "கையைக் கட்டச் சொல்லிடாதீங்க, ஸ்டியரிங் இல்லாம எனக்குப் பேச்சே வராது" என்றார். குலுக்கலில் அவருக்குக் கையை ஆட்டலாம் என்ற முறைதான் வந்தது. வழியைச் சொல்லத் தொடங்கினார். "பாலம் இறங்கினதும் இங்க எங்க அக்கா வீடு." இடது கை தோள் உயரத்தில் போய் நின்றது. "எங்க பொண்ணு குருவியை இங்க விட்டுட்டு, டிப்போவுக்கு..."

மணி அடித்தது.

சொற்களை வரிசையாகச் சொன்னவர் கடைசிச் சொல்லில் தடுமாறினார். மறந்ததைத் துழாவுவதுபோல அவர் கை மறுபடி இடது பக்கம் போனது. எதையோ கிள்ளி எடுத்தது. இரண்டு விரலும் நெஞ்சுக்கு வந்து, பொத்தான் போடுவதுபோல அசைந்தன.

"பட்டன்" என்றார்.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சொல் பட்டியலில் இல்லை.

"எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல மேடம்" என்று டிரைவர் கூச்சத்தோடு சிரித்தார். அவர் கண் மட்டும் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

மூன்று வயதில் அவள் அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கடித்து விழுங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் பட்டன். கூப்பிடும்போதெல்லாம் விரல் இரண்டும் நெஞ்சில் பொத்தான் போடும். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத பெயர்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் அப்பாவின் பழைய படத்தைப் போட்டாள். முன்பு ஒலியில்லாமல்தான் பார்த்திருந்தாள். இப்போது ஒலியைக் கூட்டினாள்.

"தபால் ஆபீஸ் தாண்டி இங்க ஸ்கூலு" என்றார் அப்பா. இடது கை, தோள் உயரம். விரல்கள் நெஞ்சைத் தொட்டுவிட்டு அங்கே போய் விரிந்தன. "இங்க பட்டனை இறக்கி விடுவேன். சாயங்காலம் திரும்பி வரும்போது..."

மணி அடித்தது. அப்பா மணியைப் பார்த்துச் சிரித்தார். "இவ அடிச்சா நிறுத்தித்தான் ஆகணும்."

கை வெறுமையாக மடிக்குத் திரும்பியது. அவளை அங்கேயே விட்டுவிட்டு.

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு அசைவு, ஒரு சொல். இதை வைத்துக்கொண்டு மேடத்திடம் போனால் காறித் துப்புவார். ஆனால் சனிக்கிழமை மதியம் ஆளில்லாத அந்த அறைக்கு அப்பாவை அழைத்து வந்துவிட்டாள். அன்று நின்ற பேச்சை அவர் முடிக்க வேண்டும். திரும்பி வந்து அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா அங்கே விட்டுப்போனதை டிரைவர் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நாடாவின் மேல் நாற்காலி அப்படியே இருந்தது. மணியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, "வேலை முடிஞ்சு வீட்டுக்கு எப்படி வருவீங்க?" என்று கேட்டாள்.

"அது என்ன டீச்சர், கண்ணை மூடிட்டே வருவேன்." கைகள் எழுந்தன. பட்டறைக் கேட்டைச் சாத்தின, ரயில் பாதையைத் தாண்டின, தபால் ஆபீஸ் முனையில் திரும்பின. இடது கை தோள் உயரத்துக்குப் போனது. விரல்கள் ஏதோ ஒன்றைச் சுற்றி மெதுவாக மூடின.



அவர் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தார். கண் பளபளத்தது. இந்தப் பார்வையைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

"எவ்வளவு நேரமா நிக்கிற? கால் வலிக்குதா?" எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "அப்பா வந்துட்டேன்ல. அழக் கூடாது குருவி."

விரல்கள் பொத்தான் போடவில்லை.

அவர் தலையைத் தடவிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து டிரைவரின் எண்ணை அழைத்தாள்.

"வணக்கம் சார், ஆய்வு ரூம்ல இருந்து..."

"பட்டன்!" என்றது குரல். "எங்கடா இருக்க? அன்னைக்குப் பாத்ததுலேருந்து மனசே கேக்கல. சாப்பிட்டியா?"

பின்னால் ஒரு குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது.

"சார், அங்க அழுறது யாரு?"

"அதான் புரியல." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "யார் வீட்டுப் பாப்பாவோ, ரெண்டு நாளா இங்கேயே இருக்கு. அப்பா அப்பான்னு காலைக் கட்டிக்குது. என் பொண்டாட்டி என்னைப் பாத்துப் பாத்து அழறா. நீ வந்து சொல்லேன்டா, நீதான் என் பொண்ணுன்னு."

இப்போதே வரச் சொல்ல வேண்டும். குழந்தையோடு வரச் சொல்லி, இருவரையும் அடுத்தடுத்து இந்த நாற்காலியில் உட்கார வைத்து, அவரவருடையதை எடுக்கச் செய்ய வேண்டும். ஆனால் அப்பா ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். பெயர்தான் வேறு. சிரிப்பு அவளுக்கானது. ஒரே ஒரு ராத்திரி. அதற்குள் என்ன குடிமுழுகிவிடும்?

"நாளைக்குக் காலையில வாங்க சார்" என்றாள். "பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும். மறக்காம நான் இங்க இருப்பேன். ஞாயித்துக்கிழமை முன்பக்கம் பூட்டியிருக்கும். பஸ் ஸ்டாப்லேருந்து நேரா வந்து, ரைட்ல திரும்பினா ஒரு தண்ணித் தொட்டி. அதைத் தாண்டி இங்க, லெஃப்ட்ல, ஒரு பச்சைக் கதவு."

போன் வலது காதில் இருந்தது. இடது கை தோள் உயரத்தில், கதவு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பேசி முடித்ததும் அந்த வெறுங்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

விளக்கை அணைத்தாள். கதவைப் பூட்டினாள். திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள்.

வாசல் கேட்டருகே அப்பா நின்றார். "என்னடா யோசனை? எதையாச்சும் மறந்துட்டியா குருவி?"

அவள் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பை இருந்தது. சாவி இருந்தது. போன் இருந்தது. நாளைக்கு என்ன வேலை என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேலையும் இல்லை.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

இடது கை மட்டும் தானாக ஒருமுறை தோள் உயரத்துக்கு எழுந்து, காற்றில் துழாவிவிட்டுக் கீழே இறங்கியது. அதை அப்பா பற்றிக்கொண்டார். இருவரும் நடந்தார்கள்.