மெழுகை எழுப்பியவள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. முள்ளியவளையிலிருந்து என் சிநேகிதி கஜேந்தினி தொலைபேசியில் போட்ட கூச்சலில் பிறந்தது. "எடி, எழும்பீட்டுது! மெழுகு எழும்பீட்டுது! நீ கதை எழுதிறனிதானே, இதை எழுது!"

உடனே உட்கார்ந்தேன். முதல் வரி:

வன்னியில் ஒரு விளக்கு அணைந்தால் அதன் பின்னால் நெடியதோர் இருள்

[இத்தோடு நின்றது. வாசித்துக் காட்டினேன். "ஏன்டி, வன்னியெண்டா உடனை ஒப்பாரி வைக்கோணுமே? விளக்கு அணையேல்லை. வெளிச்சம் வந்தது. மெழுகுதான் எழும்பேல்லை" என்றாள். அழித்தேன்.]

2

ஒழுங்காகத் தொடங்குகிறேன். கண்ணாடிக் குடுவைக்குள் திரவமும் சிவப்பு மெழுகும். அடியில் ஒரு பல்ப். சூட்டில் மெழுகு உருண்டை உருண்டையாக மேலே போகும், ஆறிக் கீழே வரும். இந்த லாவா விளக்கால் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை. பார்க்க அழகு, அவ்வளவுதான். கஜேந்தினியின் கணவன் சுதாகரனின் அக்கா கௌசலா லண்டனிலிருந்து கொண்டுவந்து, அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனது. வருகிற சனிக்கிழமை அவர் மறுபடியும் வருகிறார். மெழுகோ அடியில் கட்டியாகக் குந்திக்கொண்டிருக்கிறது.

குற்றவாளியை அந்த வீட்டில் தேடவேண்டியதில்லை. பிளெண்டர் புகைந்தாலும் குழாய் ஒழுகினாலும் மாமி விமலேஸ்வரியின் தீர்ப்பு ஒன்றுதான்: "கஜேந்தினி தொட்டிருப்பாள்." விளக்கை அவள் தூசி துடைத்ததும் உண்மை. சனிக்கிழமை அந்தத் தீர்ப்பு லண்டன் வரைக்கும் போய்விடும். அவளுக்கு அது பெயர் கெடுகிற விஷயம்.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது: மாமி கெட்டவர் அல்ல. முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் மருமகளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறவர் அவர். கொடுக்கும்போதே குறையும் சொல்வார்.)

3

"ஒருக்காக் குலுக்கிப் பாப்பம்" என்று சுதாகரன் குடுவையைத் தூக்கினான், மருந்துப் போத்தலைத் தூக்குவதுபோல.

"இஞ்சேருங்கோ, வையுங்கோ! கலங்கிப்போனா பிறகு தெளியாது."

கஜேந்தினி வயரைப் பார்த்தாள், ஆளியைப் போட்டு அணைத்துப் பார்த்தாள். பிழையில்லை. வெகுநேரம் எரிந்த விளக்கின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. வெளியே தார் இளகுகிற வெயில். இந்த வன்னி வெக்கைக்குள் ஒரு சாமானுக்குக் குளிர் பிடிக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

கோழிக்குஞ்சு வளர்க்கிறவள் நினைப்பாள். பல்ப் போட்ட பெட்டிக்குள் குஞ்சுகள் ஒரு மூலையில் நெருக்கியடித்தால் சூடு காணாது என்று அவளுக்குத் தெரியும். பல்பைக் கழற்றினாள். வெள்ளை எல்ஈடி பல்ப்.

"இதை எப்ப மாத்தினனீங்கள்?"

"பழையது எரிஞ்சுபோச்சு. இது நல்ல சாமான், கரண்ட் குறைய இழுக்கும்."

"வெளிச்சம் வரும். சூடு வருமே?"

[இங்கே சுதாகரன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்தேன். நடந்தது வேறு. "ஓ" என்றான். மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டான்.]

4

முல்லைத்தீவில் லாபிரின் மின்சாமான் கடை. "லாபிர் நானா, சின்னத் திருகுப் பல்ப் ஒண்டு, நல்லாச் சுடுறதாத் தாங்கோ."

லாபிர் சிரித்துவிட்டார். "எல்லாரும் சுடாததத்தான் கேக்கிறாங்க. உங்களுக்கு என்ன புள்ள?" ஆனாலும் தூசிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, இழை போட்ட பழைய மஞ்சள் பல்ப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பல்பைப் பூட்டினாள். காற்றாடியையும் நிறுத்தினாள்.

"பிள்ளை, அவியுதடி!"

"கொஞ்சம் பொறுங்கோ மாமி, காத்துப் பட்டா ஆறிப்போகும்."

கோயிலில் திரை விலகக் காத்திருப்பவர்கள்போல மூன்று பேரும் வியர்த்து ஒழுக அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

[மின்வெட்டு ஒன்றைப் போட எனக்குக் கை துருதுருத்தது. "கரண்டை நிப்பாட்டினியெண்டா உன்னோடை கதைக்கமாட்டன்" என்றாள் கஜேந்தினி. நிப்பாட்டவில்லை.]

மெழுகின் உச்சியில் ஒரு கொம்பு முளைத்தது. நீண்டது. மெலிந்தது. அறுந்து, உருண்டையாகி, ஆடி அசைந்து மேலே போனது.

"எழும்பீட்டுது!" முதலில் கத்தியது மாமிதான். சுதாகரன் விசிலடித்தான். கஜேந்தினிக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. கலியாணப் படத்தில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஓடிப்போய் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

5

சனிக்கிழமை. கௌசலா பைகளைக் கீழே வைக்கவில்லை. கண் நேரே அலுமாரிக்குப் போனது. "அட, புதுசு மாதிரி ஓடுது! பழுதெண்டு தம்பி சொன்னவன். ஆர் திருத்தினது?"

மாமி வாயைத் திறந்தார். சுதாகரன் முகட்டைப் பார்த்தான். கஜேந்தினியின் கையில் அந்த எல்ஈடி பல்ப்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கணவனைப் போட்டுக்கொடுக்கிறாள். இன்னொன்றில் அவனே ஒப்புக்கொள்கிறான். மூன்றாவதில் மாமி "என்ரை மருமகள்" என்று சொல்லி, தொண்டை அடைத்து [இனிப்புக் கூடிவிட்டது, விட்டேன்].

என்ன நடந்தது என்று அவளையே கேட்டேன். "அது எங்கடை வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே உங்களிடம் விடுகிறேன். யாரை வேண்டுமானாலும் முதலில் பேசவிடுங்கள். யார் வாயைத் திறந்தாலும் வரவேண்டிய பெயர் ஒன்றுதான்: கஜேந்தினி. அதை மாற்றுகிற அதிகாரம் எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.