நூறு வீதம் கொட்டன்

நஸ்ஹா கடைக்குள் வந்தபோது தோளில் ஒரு சின்னப் பை மட்டும்தான் இருந்தது. கண்டியிலிருந்து தனியாகக் கிளம்பியவள். இரண்டு வாரம் கரையோரமாகச் சுற்றப் போகிறாளாம்.

"ரெண்டு டொப்தான் கொண்டுவந்தேன் அக்கா. ஒன்ன உடுத்தா மத்தது காயும். இப்ப ஒன்னு கிழிஞ்சி போச்சி. இந்தப் புழுக்கத்துக்கு கொட்டன்தான் சரி. இது கொட்டன்தானே?"

மட்டக்களப்பு டவுனில் அந்தத் துணிக்கடையில் அஜந்தா பதினொரு வருடமாக நிற்கிறாள். விரல் பட்டாலே நூலைச் சொல்லிவிடுவாள். அவள் எடுத்துக் காட்டிய நீல டொப் பருத்தியே இல்லை, பொலியெஸ்டர். பழைய சரக்கைத் தள்ளிவிடத்தான் முதலாளி சொல்லியிருந்தார். பொய் சொல்லச் சொல்லவில்லை. அது அவள் வாயில் தானாக வந்தது.

"நூறு வீதம் கொட்டன், தங்கச்சி."

"கட்டாயமா?"

"ஓம், ஓம்."

நஸ்ஹா அதை உடுத்துக்கொண்டே போனாள். பைக்கு ஏன் பாரம் என்று கிழிந்ததை அஜந்தாவிடமே விட்டுவிட்டாள். அசல் கொட்டன். ஓரம் மட்டும்தான் பிரிந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் தைத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு, அஜந்தா வாகரையில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், பஸ்ஸில் யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அதே நீல டொப். கழுத்தெல்லாம் சிவந்து வேர்க்குரு பொங்கியிருந்தது. நஸ்ஹா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"மத்தது மழைல நனஞ்சி காயவே இல்ல. இதத்தான் மூனு நாளா உடுத்திருக்கேன்," என்று கழுத்தைச் சொறிந்தாள். "உங்கட துணியக் குத்தம் சொல்லல்ல. எனக்குத்தான் இந்தப் பக்கத்து வெக்கை ஒத்துக்கல்ல போல."

ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதிச் சுளைகளை நீட்டினாள். அஜந்தா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும் சொன்னாள்.

"தங்கச்சி, அது கொட்டன் இல்ல. தெரிஞ்சுதான் சொன்னனான்."

நஸ்ஹாவின் விரல்கள் கழுத்திலேயே நின்றன. ஏசுவாள் என்று அஜந்தா காத்திருந்தாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பெட்டி நெறைய உடுப்பிருந்தா இது பெரிய விஷயமில்ல அக்கா. ரெண்டே ரெண்டுதான். அதாலதான் ரெண்டு தரம் கேட்டேன்."

அஜந்தாவுக்குத் தலை நிமிரவில்லை. "ஏறாவூரில ஒரு கடை இருக்கு. அங்க நல்ல கொட்டன் கிடைக்கும். இறங்குவமா?"

"இது உண்மையா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஓம்" என்ற தன் குரல் அஜந்தாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இருவரும் இறங்கினார்கள். அந்தக் கடையின் வயதான முதலாளி வெள்ளை டொப் ஒன்றை விரித்துக் காட்டினார். தொட்ட உடனேயே அசல் கொட்டன் என்று அஜந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. பணப்பையை எடுத்தாள், நஸ்ஹா வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

"கொட்டன்தான் மகள்," என்றார் முதலாளி.

நஸ்ஹா தலையாட்டினாள். பிறகு துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை நனைத்து ஓரத்தில் வைத்து, ஈரம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த மனிசனின் சொல்லையும் தன் பொய்தான் கெடுத்தது என்று அஜந்தாவுக்கு விளங்கியது. அவரைப் பார்க்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.