சாலோமி உட்கார்ந்திருக்கும் டயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டயர்க் கடையில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் சரி. வண்ணார்பேட்டை பைபாஸில் நான் வந்த ஆட்டோ பஞ்சர். அடுக்கி வைத்த டயர்களின் நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். அடுக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

“அப்போ ஆண்டவர் சொன்னதுல ஒங்களுக்கு நம்பிக்கை இல்ல?”

“ஆண்டவர் மேல இருக்கு. சகதி மேலதான் இல்ல.”

எனக்குக் கதைகள் காதுவழியாகத்தான் வரும். முதலில் பேச்சு கேட்கும். அப்புறம் பேசுகிறவர்களுக்கு முகம் தேடிப் போவேன். சேலை என்ன நிறம் என்பதெல்லாம் கடைசியில். எட்டிப் பார்த்திருக்கலாம்தான். பார்த்தால் அவர்கள் அவர்களாகவே இருந்துவிடுவார்கள், எனக்கு வேலை இல்லாமல் போய்விடும். அதற்குள் பஞ்சரும் ஒட்டி முடிந்தது. ஆகவே ஆண்டவருக்கும் சகதிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை நான்தான் பேசித் தீர்க்க வேண்டும். நடுவில் உங்களையும் கூப்பிடுவேன், காதில் விழாத மாதிரி இருந்துவிடக் கூடாது.

2

முதல் வரிக்கு முயன்றவை:

தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசிக் காலையில்… (வேண்டாம். தாமிரபரணி டயர் வாங்க வரவில்லை.)

ஹெப்ரானின் பிக்அப் வண்டியுடைய பின்பக்க டயர்கள் எங்கள் உபதேசியாரின் தலையைப் போல… (வெட்டிவிட்டேன். உபதேசியார் பத்திரிகை வாசிக்கிறவர்.)

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது… (இதை எழுதியது நான் இல்லை என்று சாதிக்கப் போகிறேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஹெப்ரான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். ஆற்றோரத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றி நெல்லை சந்தைக்குக் கொண்டுவருவது அவன் பிழைப்பு. மழை பிடித்ததிலிருந்து, தேய்ந்த டயரோடு தோட்டத்துக்குள் இறங்குகிற வண்டி ஏறிவர மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை டிராக்டர் வந்து இழுத்தாயிற்று. தார் வாங்குகிற கனி அண்ணாச்சி பொறுமைசாலி. இரண்டாவது தடவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“ஏலே ஹெப்ரான், இன்னொரு மட்டம் இங்கன உக்காந்துச்சுன்னா நான் டிராக்டர்லயே லோடை அனுப்பிருவேன் பாத்துக்கோ. அது எப்படியும் வரத்தான செய்யுது. நடுவுல நீ எதுக்கு?”

ஆகவே, சேற்றிலும் தார் ரோட்டிலும் ஒன்றுபோல ஓடுகிற டயர் வாங்க ஹெப்ரான் முடிவு செய்தான். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். கூட சாலோமியும் வந்ததால் முடியவில்லை.

3

சாலோமி ஒரு பிடிவாதக்காரி. புருஷன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒரு…

“எதுக்கு நிறுத்திட்டிய? எழுதுங்க.”

(இப்படித்தான். பாதி எழுதும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.)

“பிடிவாதக்காரின்னு எழுதினா வாசிக்கிறவங்க சிரிச்சுட்டு உன் வீட்டுக்காரர் பக்கம் சேர்ந்துடுவாங்களே, சாலோமி. அதான் யோசிக்கிறேன்.”

“சேரட்டும். கழுத்துல கட்டி அவங்களுக்கா இருக்கு?”

கட்டியா? சத்தியமாக எனக்கு அது தெரியாது. அவள் சொல்லித்தான் தெரிந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒரு தட்டு நீட்டுவார்கள். அதில் குப்புறக் கவிழ்த்த சிறு அட்டைகள். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குத் தரும் வாக்குத்தத்தம் அதில் அச்சடித்திருக்கும். ஹெப்ரான் வீட்டுக்கு சாலோமி எடுத்தாள். கரடான வழியெல்லாம் சமமாகும் என்ற பொருளில் ஒரு வாக்கு வந்தது. லாரி வைத்திருப்பவர்கள் பொறாமைப்பட்டார்கள். ஹெப்ரானே அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினான். புரட்டாசியில் சாலோமியின் கழுத்தில் கட்டி தென்பட்டது. ஊசி போட்டுச் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை. இவர்கள் டயர்க் கடைக்கு வந்தது புதன்கிழமை.

வழி சமமாகும் என்று ஆண்டவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். புருஷன் கரட்டு வழிக்கென்று செய்த டயரை வாங்கப் போகிறான். அவன் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? ரோட்டு விஷயத்தில் நம்பாதவன் கழுத்து விஷயத்தில் மட்டும் எப்படி நம்புவான்?

பிடிவாதக்காரி என்ற வரியை அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

4

கார்த்திகேசன் கடையில் வண்டியைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றின பிறகுதான் பேச்சே தொடங்கியது. இது ஹெப்ரானின் யோசனை. சக்கரம் இல்லாத வண்டியில் யாரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. தன்னாலும் போக முடியாது என்பதை அவன் யோசிக்கவில்லை.

“பாரும் வே,” என்றார் கார்த்திகேசன். “இது ரோட்டு டயரு. தார்ல வெண்ணெ கணக்கா போவும். ஈர மண்ணுன்னா உக்காந்துக்கிடும். அங்கன கெடக்கது சகதிக்குன்னே செஞ்சது. தார் ரோட்டுல ஏத்துனீருன்னா வண்டு மாதிரி இரையும், டீசலும் குடிக்கும். நான் ஒமக்குச் சொல்லுதது இது. ஆல் டெர்ரெயின். ரெண்டுக்கும் நடுவுல.”

“ரெண்டுக்கும் நடுவுலன்னா?” என்றாள் சாலோமி.

“பாதி ரோடு, பாதி காடுக்கா.”

“சூடும் இல்ல, குளுரும் இல்ல, வெதுவெதுப்பு. ஆண்டவருக்கு ஆவாததே அதுதான்னு வேதத்துல இருக்கு.”

கார்த்திகேசன் ஹெப்ரானைப் பார்த்தார். ஹெப்ரான் ரோட்டைப் பார்த்தான்.

“டயருல வெதுவெதுப்பு கெடையாதுக்கா. ஓடுனா எல்லாம் சூடுதான்.”

சாலோமி பைய நடந்துபோய், அந்த ஆல் டெர்ரெயின் டயர்கள் அடுக்கியிருந்ததன் மேல் உட்கார்ந்தாள். கோயிலில் உட்காருகிற மாதிரி, முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்து.

“எக்கா, அது விக்கிற சரக்கு.”

“நானும் வாங்க வந்தவதான அண்ணாச்சி. உக்காந்து பாக்கேன்.”

“வண்டியில ஒட்டியிருக்கத நானும் வாசிச்சேன்,” என்றார் கார்த்திகேசன். “ சமமாக்குதேன்னுதான சொல்லியிருக்காரு? எந்தத் தேதியிலன்னு போட்டிருக்கா? அதுவரைக்கும் வண்டி ஓட்டணும்லா?”

“வருசத்துக்குன்னு குடுத்தது. டிசம்பர் வரைக்கும் செல்லும்.”

“டயரு அதுக்கு மேலயும் ஓடும்கா.”

(இந்த இடத்தில் அவர்கள் கோயில் பாதிரியாரான ஐயரைப் போனில் கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்ன விலை சொல்கிறார்கள், தன் வண்டிக்கும் ஒரு ஜோடி எடுத்துவைக்க முடியுமா என்றார். அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.)

அப்போதுதான் ஹெப்ரானுக்கு அந்த மகா யோசனை உதித்தது. சொல்லும்போது அவன் முகம் பிரகாசமாக இருந்திருக்க வேண்டும், குரல் அப்படி இருந்தது.

“சாலோமி, ஒண்ணு செய்வோம். முன்னால ரெண்டு ரோட்டு டயரு. பின்னால ரெண்டு இது. வண்டியைத் தள்ளுதது பின்சக்கரந்தான. முன்னால விசுவாசம், பின்னால சகதி. யாருக்கும் கொறையில்ல.”

“பாதி விசுவாசமா?”

“பாதின்னு இல்லட்டி…”

“அப்ப டாக்டரும் வெள்ளிக்கிழமை பாதி நல்ல சேதி சொல்லட்டும். என்ன?”

காற்றடிக்கிற மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகேசன் போய் அதையும் நிறுத்தினார். அவருக்குக் கட்டி விஷயம் தெரியாது. ஆனால் அந்த ‘என்ன’ தெரிந்திருந்தது. அவரும் கல்யாணமானவர்.

5

முடிவுகள். எடுத்துப் பாருங்கள், கட்டாயமில்லை.

முதலாவது: ஆல் டெர்ரெயின் வாங்குகிறார்கள். வண்டி சகதியில் சிங்கம் மாதிரி ஏறுகிறது. கனி அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமை கட்டி ஒன்றுமில்லாத கட்டி என்று தெரிகிறது. “பாத்தியா, டயருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல,” என்கிறான் ஹெப்ரான். சாலோமி நம்பவில்லை. ஆண்டவர் பெருந்தன்மையாக இருந்துவிட்டார் என்கிறாள். (இதில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.)

இரண்டாவது: ரோட்டு டயர் வாங்குகிறார்கள். சகதியில் உட்கார்ந்து, கனி அண்ணாச்சியின் லோடு டிராக்டருக்குப் போய்விடுகிறது. கட்டியும் ஒன்றுமில்லாத கட்டி. “ஒனக்காகத்தாம்ட்டி பொழைப்பை விட்டேன்,” என்று ஹெப்ரான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிறான். (இது நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

மூன்றாவது: எந்த டயராக இருந்தாலும், வெள்ளிக்கிழமை டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு…

எழுதிப் பார்த்தேன். சாலோமி பேச மாட்டேன் என்கிறாள். ஹெப்ரானும் பேச மாட்டேன் என்கிறான். டாக்டர் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் பேச்சு எனக்குக் காதில் ஏறவில்லை. பேச்சு கேட்காத கதையை எழுத எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

6

புதன்கிழமைக்கே திரும்புகிறேன். அங்கேதான் குரல்கள் கேட்கின்றன.

“ஏட்டி சாலோமி. நான் வாழைத்தாருக்காகக் கேக்கல.”

“பின்ன?”

“நல்லபடியாத்தான் சொல்லுவாங்க வெள்ளிக்கிழமை. இல்லன்னு வையி… ஒன்ன ஏத்திக்கிட்டு நான் போணும்லா. பாதி வழியில நிக்க முடியாதுல்லா.”

“எங்க போவிய?”

“எங்கன்னாலும்.”

“ஆஸ்பத்திரிக்குத் தார் ரோடுதான போட்டிருக்கு?”

ஹெப்ரான் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். எங்கேயும் சகதி இல்லை.

“ஆமா. தார் ரோடுதான்.”

“பயமா இருக்கா ஒங்களுக்கு?”

“இருக்கு.”

“எனக்குத்தான இருக்கணும்?”

“ஒனக்கு அட்டை இருக்குட்டி. எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?”

கார்த்திகேசன் இல்லாத வேலை ஒன்றைத் தேடிக் கடைக்குள் போனார். சாலோமி கைப்பையை எடுத்துக்கொண்டு டயர்களின் மேலிருந்து எழுந்து நின்றாள்.

“எதுக்கு எழுந்திருச்சே, சாலோமி?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். இது சம்மதமா, தோல்வியா, வேறு ஏதாவதா?

“கால் மரத்துப்போச்சு,” என்றாள்.

நான் நம்பவில்லை.

ஆகவே இப்போது நீங்கள். வண்டி கட்டைமேல் சக்கரமில்லாமல் நிற்கிறது. கார்த்திகேசன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “எதை மாட்ட?” என்று கேட்கிறார். அவர்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று. வாசித்துவிட்டோம், சொல்லிவிட்டோம் என்று நீங்கள் எழுந்து போக முடியாது. எதை மாட்டச் சொல்கிறீர்களோ அதில் ஏறி, வெள்ளிக்கிழமை நீங்களும் கூடப் போக வேண்டும். நெருக்கி உட்கார்ந்தால் பிக்அப்பின் முன்சீட்டில் மூன்று பேர் கொள்ளும்.

“வாங்க, ஏறுங்க,” என்கிறாள் சாலோமி. “சன்னலோரம் எனக்கு.”