தையல்காரியைப் பிடித்தவர்

வேலி போட்டு முடித்தது ஜனவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டு ராய்ஸ்டன் டெபட் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்கவேண்டுமே, கோட்டை கட்டிய ராஜா தோற்றுப்போவான். ஏரியைச் சுற்றிக் கம்பிவலை, அடிப்பக்கம் மண்ணுக்குள் ஒரு முழம், உச்சியில் மின்சாரக் கம்பி. ஏரியில் தூண்டில் போடுகிற பதினாலு பேர், ஆறு வார இறுதிகள். நான் எல்லோருக்கும் சாசேஜ் ரோலும் டீயும் கொடுத்தேன்.

ஏரி என்னுடையது. ஜல்லி தோண்டிய பழைய குழியில் தண்ணீர் நிறைந்து ஏரியானது. அப்பா அதை வாங்கிக் கெண்டை விட்டு வளர்த்தார், நான் நடத்துகிறேன். இங்கே தூண்டில் போடுகிறவர்கள் மீனைத் தின்பதில்லை. பிடித்து, எடை போட்டு, கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். பைத்தியக்காரக் கூட்டம் என்பாள் என் தங்கை. சொல்லிவிட்டுப் போகட்டும். பெரிய மீன்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கரையோரக் கொட்டகையில் ஒரு பலகை முழுக்கப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: மீனின் பெயர், எடை, தேதி, பிடித்தவர்.

அந்தப் பலகையில் ராய்ஸ்டனின் படம் எத்தனையோ உண்டு. தையல்காரி என்ற கெண்டையோடு மட்டும் கிடையாது. உடம்பெல்லாம் வழவழப்பு, விலாவில் மட்டும் ஒரே வரிசையாகச் செதில்கள், ஊசியால் தைத்த மாதிரி. அதனால் அவளுக்கு அந்தப் பெயர். ஏரியிலேயே பெரியவள், வயது முப்பதுக்கு மேல். ராய்ஸ்டன் லாரி ஓட்டுகிறவன். ஓய்வு கிடைத்த சனி ஞாயிறெல்லாம் வில்லோ மரத்தடியில், தூண்டில் போடுகிற மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து பதினோரு வருடம் அவளுக்காகக் காத்திருந்தான். அதற்குள் நாலு பேர் அவளைப் பிடித்துவிட்டார்கள். அதில் ஒருத்தன் வந்த முதல் நாளே பிடித்தான். அன்றைக்கு ராய்ஸ்டன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் ஆற்றில் நீர்நாய் மருந்துக்குக்கூடக் கிடையாது. வயலுக்கு அடித்த விஷத்தில் எல்லாம் போய்விட்டன. பிறகு தடை வந்தது, சட்டம் வந்தது, நீர்நாயும் திரும்பி வந்தது. முதன்முதலில் பார்த்தபோது நானும்தான் சந்தோஷத்தில் கத்தினேன். அடுத்த குளிர்காலத்தில் என் ஏரியில் ஒன்பது கெண்டை போனது. குளிரில் அவை அடியில் மரத்துக் கிடக்கும். நீர்நாய்க்குத் தட்டில் வைத்த சாப்பாடு. அதனால்தான் இந்த வேலி. யோசனை ராய்ஸ்டனுடையது.

வேலி முடிந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், கெண்டைகளில் ஒருத்தனான 'ஊமையன்' கரையில் கிடந்தான். கழுத்துப் பக்கம் மட்டும் தின்னப்பட்டு, மிச்சம் அப்படியே.

"எங்கயோ ஓட்டை இருக்கு லோர்னா" என்றான் ராய்ஸ்டன். வேலியைச் சுற்றி மூன்று முறை நடந்தான். ஓட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குழாய் வேலை செய்கிற நெவில் மரத்தில் ஒரு கேமராவைக் கட்டினான். வியாழக்கிழமை மதியம் கொட்டகையில் எல்லோரும் கூடிப் படத்தைப் பார்த்தோம். வேலியை ஒட்டி ஒரு நீர்நாய் ஓடுகிறது. நிற்கிறது, முகர்கிறது, மண்ணைப் பறிக்கிறது, மறுபடி ஓடுகிறது. எல்லாம் வேலிக்கு உள்பக்கம்.

நெவில் ராய்ஸ்டன் பக்கம் திரும்பினான்.

"டேய் ராய்ஸ்டன், நீ வேலியா போட்ட? வீடு கட்டிக் குடுத்திருக்கடா, மூணு வேளை சாப்பாட்டோட" என்றான் நெவில்.

"ஏன்யா, மூடறதுக்கு முன்னாடி தீவுல பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஏரி நடுவில் புதர் மண்டிய ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பதினாலு பேரும் டீக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கேட்டுவிட்டேனே தவிர, நானும்தான் பார்க்கவில்லை.

அரசு அலுவலகத்துக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "அதைப் பிடிக்கக் கூடாதுங்க, துரத்தவும் கூடாது. அனுமதிக்கு எழுதிப் போடுங்க, ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரத்துல என் ஏரியில தண்ணி மட்டும்தாம்மா மிஞ்சும்."

"அப்ப வேலியைக் கொஞ்சம் திறந்து வச்சுப் பாருங்க. அதுவும் வெளிய போகத்தானே பாக்குது."

ராய்ஸ்டன் ஒத்துக்கொள்ளவில்லை. "திறந்தா வெளிய இருக்கறதும் உள்ள வரும்" என்று குறுக்கே நின்றான். சனிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு மீன் செத்தன. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இங்க பாரு, வேலியைத் திறந்துதான் ஆகணும். அது போற வரைக்கும் பெரிய மீனையெல்லாம் என் வீட்டுக் கொல்லைத் தொட்டியில வச்சுக்கலாம். நாளைக்கு இழுவலை போடறோம்."

அவன் முகம் வெளுத்துப்போனது. "வலை வேணாம் லோர்னா."

"ஏன்?"

"பதினோரு வருஷம்."

"தெரியும்யா."

"தூண்டில்ல வந்தாதான் அவளைப் பிடிச்ச கணக்கு. வலையில அள்ளிட்டா அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

"வலையில வந்தா உயிரோட வருவா. இல்லாட்டி கழுத்து இல்லாம கரையில கிடப்பா. எது வேணும், நீயே சொல்லு."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். சொல்லிவிட்டேனே என்று எனக்கே பாவமாக இருந்தது.

"கண்ட இடத்துல வலை போட்டா மாட்ட மாட்டா" என்றான் கடைசியில். "குளிருக்கு எங்க படுப்பான்னு எனக்குத் தெரியும். வடக்குக் கரையில ஆல்டர் மரம் சாஞ்சு கிடக்குல்ல, அதுக்கு அடியில."

பதினோரு வருடமாக ஒருவரிடமும் சொல்லாத இடம்.

ஞாயிறு காலை இரண்டாவது இழுப்பில் வந்துவிட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மார்பளவுத் தண்ணீரில் நின்ற ராய்ஸ்டன்தான் வலையிலிருந்து அவளை எடை போடுகிற துணித் தொட்டிலுக்கு மாற்றினான். நாற்பத்திரண்டு பவுண்டு எடை. நெவில் கேமராவைத் தூக்கினான்.

"வேணாம்டா. நான் பிடிக்கல" என்றான் ராய்ஸ்டன்.

கரையிலிருந்து கொல்லைத் தொட்டிக்கு எண்பது அடி தூரம். தள்ளுவண்டி இருந்தது, அவன் கேட்கவில்லை. ஈரத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். "ஆச்சும்மா, ஆச்சு, வந்துட்டோம்" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. நான் பக்கவாட்டிலிருந்து என் போனில் ஒரு படம் எடுத்தேன். அவனுக்குத் தெரியாது.

அன்று மதியமே தன் கையால் வேலியில் ஒரு பாகத்தை வெட்டித் திறந்தான். திறப்பில் மணல் பரப்பினோம், கால் தடம் தெரியட்டும் என்று. மூன்று நாள் காலையில் மணல் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் ஒரே வரிசையில் ஐந்து விரல் தடங்கள், ஆற்றைப் பார்த்து. திரும்பி வந்த தடம் இல்லை. ராய்ஸ்டன் முட்டி போட்டு வேலியை மூடிக்கொண்டே, "போயிட்டு வா" என்று முனகினான்.

"வாவா? டேய், போன்னு மட்டும் சொல்லுடா!" என்று அலறினான் நெவில். இந்த முறை மூன்று பேரும் படகில் போய்த் தீவை அலசிவிட்டு வந்தோம்.

மார்ச் மாதம் தையல்காரியையும் மற்றவர்களையும் திரும்ப ஏரியில் விட்டோம். அன்று என் போனில் எடுத்த படத்தை அச்செடுத்துப் பலகையில் குத்தினேன். சீட்டில் பெயர், எடை, தேதி எழுதினேன். 'பிடித்தவர்' என்ற இடத்தை விட்டுவிட்டேன். என்ன எழுதுவது?

சனிக்கிழமை ராய்ஸ்டன் கொட்டகைக்குள் வந்தான். படத்தைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றான். கிழித்துப்போடப் போகிறான் என்று நான் டீ ஊற்றுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். மேஜையிலிருந்த பென்சிலை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு தூண்டில்களைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் இருக்கைக்குப் போய்விட்டான்.

போய்ப் பார்த்தேன். பிடித்தவர்: நீர்நாய் என்று எழுதியிருந்தான். அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. சுமந்தவர்: ராய்ஸ்டன் டெபட்.