கேஸ் இருக்கா, இல்லையா?

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. லைசென்ஸைத் தவிர அது வேறெங்கும் புழங்கியதில்லை. லாரிகள் நிற்கும் மைதானத்தில் எல்லோருக்கும் அவர் எதுக்கும்காரர்தான். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்பது அவர் வாயில் அப்படி ஊறிப்போன வார்த்தை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனைவி டீயில் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று சொன்னாலும் ஸ்பூனை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் குடிப்பார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதற்கு அந்த அம்மாளுக்குச் சிலையே வைக்கலாம்.

அப்பேர்ப்பட்டவருடைய பழைய லாரியில் ஒருநாள் ஏசி படுத்துவிட்டது. உச்சி வெயிலில், சரக்கோடு ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் பக்கமிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். ரப்பர் கருகிய நாற்றம். அப்புறம் ஜன்னல் வழியாக அனல் காற்று. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வண்டியை விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

ஏசி வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் அப்போதுதான் அவருடைய தங்கை புருஷன் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரொம்ப நாள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர். முதலாளி இன்னும் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி வருகிறது என்று தெரிந்ததுமே தங்கை போன் போட்டுவிட்டாள்.

"அண்ணா, உன் வண்டி வேலை நல்லபடியா முடிஞ்சா, அதையே சாக்கா வெச்சு முதலாளிகிட்ட பேசலாம்னு இருக்கார். ஏதாவது புகார் வந்துச்சுன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு அந்த ஆளு சொல்லியிருக்காராம். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அங்க வந்து உன் புத்தியைக் காட்டிடாத."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்? மாப்ள மேல எனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றார். சொல்லும்போது அவருக்கே குரல் கொஞ்சம் வழுக்கியது.

அண்ணன் தம்பி உறவையெல்லாம் இந்தச் சந்தேக புத்தியால் அவர் எப்போதோ அறுத்துக்கொண்டாயிற்று. பெரியண்ணன் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருஷமாகிறது. கூடப்பிறந்தது என்று போய் உட்கார இன்றைக்கு மிச்சமிருப்பது தங்கை வீடு ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரின் முகப்பைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"ஜாம் ஆயிடுச்சு மச்சான். உள்ள எல்லாம் கடிச்சுப் பிடிச்சிருக்கு. மாத்தித்தான் ஆகணும்."

மாத்தித்தான் ஆகணும் என்று மெக்கானிக் சொன்னால் எந்த லாரிக்காரன் மனசும் துணுக்குறும். நல்ல சாமானைக் கழற்றி ஒளித்துவிட்டு, சாயம் பூசிய ஓட்டை ஒன்றை மாட்டிவிடுவான்கள் என்று மைதானத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். எதுக்கும்காரர் அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார். மனைவியின் நகப்பூச்சால் கம்ப்ரசரின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"பழசை உங்க கையிலயே குடுத்துடறேன் மச்சான்" என்று மாப்பிள்ளை தானாகவே சொன்னார். இவர் அதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்து திருப்பிப் பார்த்தார். பொட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வேறொருவனாக இருந்தால் அத்தோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இவர் கட்டிலில் உட்கார்ந்து, 'பொட்டைப் பார்த்துட்டுத்தான் உஷாரா குடுத்தாரோ?' என்று யோசித்தார்.

"இந்தச் சனியனை எடுத்துட்டு வந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்களே, இதுக்கு இனிமே சோறும் நான்தான் போடணுமா?" என்று மனைவி கேட்டாள்.

புதுக் கம்ப்ரசர் ஏறியது. கேஸ் நிரப்பியாயிற்று என்று மாப்பிள்ளை சொன்னார். நிரப்பும்போது இவர் ஒரு டீ குடிக்க வெளியே போயிருந்தார், அதுதான் வினையாகப் போயிற்று. கண்ணால் பார்க்காத கேஸை எப்படி நம்புவது? ஆனால் அதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க லாரிக்காரன் என்ன செய்வான்? வால்வின் நடு ஊசியை ஒரு அழுத்து அழுத்துவான், புஸ்ஸென்றால் காற்று இருக்கிறது. ஏசி குழாயிலும் அதே மாதிரி ஒரு வால்வு உண்டு, மேலே ஒரு சின்ன மூடி. வண்டி வாங்கிய நாளிலிருந்தே அவர் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் கிளம்பும்போது ஒரு புஸ். சாயங்காலம் நிறுத்தும்போது ஒரு புஸ். விரல் நுனி சில்லென்று ஆகும், பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டும், அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்வார். சரி, இருக்கு. ஆள் ஏமாத்தலை.

கொஞ்ச நாள் கேபினில் குளிர் ஆளைத் தூக்கியது. அப்புறம் குளிர் குறைந்தது. அப்புறம் வெறும் காற்றாயிற்று. ஒருநாள் அதே ஏற்றத்தில் அதே கிரீச், அதே நாற்றம். ஏறின கோபத்தில் அவருக்கு மாப்பிள்ளையும் தெரியவில்லை, தங்கையும் தெரியவில்லை. வெளுத்ததெல்லாம் பால்னு நினைச்சேனே என்று தன்னையே அடித்துக்கொள்ளாத குறையாக, நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், மாப்பிள்ளையைத் தாண்டி முதலாளியின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"உங்க ஆளு புதுசுன்னு சொல்லி எதையோ மாட்டிவிட்டிருக்காரு. என்னன்னு கேளுங்க."

ஸ்பேனர் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை ஒரு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

முதலாளி குட்டையான மனிதர், கோபம் மட்டும் ஆளைவிட உயரம். "சொந்த மச்சானே வந்து சொல்ற அளவுக்கு வேலை பாத்திருக்கியா? என் கண்ணு முன்னாடி கழட்டு. உன் தப்புன்னு தெரிஞ்சுது, இப்படியே வீட்டுக்குப் போயிடணும்" என்றார்.

மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்தார். கழற்றினார். கம்ப்ரசர் புதுசுதான், அதில் முதலாளிக்கே சந்தேகமில்லை, அவர் கையால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பெட்டிதான் அது. தலைகீழாகக் கவிழ்த்தபோது அதிலிருந்து எண்ணெய் சொட்டவே இல்லை. குழாயில் கேஸும் இல்லை. எங்கோ ஓட்டை என்று, குழாயின் திறந்த முனைகளை அடைத்து, காற்றை ஏற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னொரு தடவை தடவினார்.

"எங்கயும் லீக் இல்ல" என்றார் மாப்பிள்ளை, பாதி தனக்குள்ளேயே. "கேஸும் இல்ல. கேஸோட சேந்துதான் எண்ணெய் ஓடும், அது போனா இதுவும் போயிடும். வறண்டு போய்த்தான் கடிச்சிருக்கு. ஆனா எப்படிப் போச்சு?"

"எப்படிப் போகும்? நீ போட்டிருந்தாத்தானே போறதுக்கு!" முதலாளி மேஜையில் ஓங்கி அடித்தார். "வண்டிக்காரர் டீ குடிக்கப் போன நேரத்துல ஒப்புக்குக் கொஞ்சம் ஏத்திட்டு, மிச்சத்தை என்ன பண்ணின?"

"சத்தியமா முழுசா ஏத்தினேன் முதலாளி."

"பாத்தவங்க யாரு?"

யாரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். அப்புறம் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தார், வேலை போய்விட்ட மனிதன் துடைத்துக்கொள்கிற மாதிரி.

எதுக்கும்காரர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கேஸ் போடவில்லையா? போட்டிருந்தாரே! தினமும் காலையிலும் சாயங்காலமும் தன் காதால் கேட்டாரே! இந்த உலகத்தில் மாப்பிள்ளை கேஸ் போட்டார் என்பதற்கு ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சி எப்படிக் கிடைத்தது என்று நினைத்தபோதுதான் மண்டையில் அடித்தது. டயர் பெரிசு, ஒரு புஸ்ஸில் ஒன்றும் குறையாது. இந்தக் குழாயில் இருப்பதே கொஞ்சம். விரலில் ஒட்டிய பிசுபிசுப்பு, பேன்ட்டில் துடைத்தது, கம்ப்ரசரின் எண்ணெய். வீட்டில் சாக்கில் கிடக்கும் பழசையும் கொன்றது தான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஆள் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். வேலை போனது மாப்பிள்ளைக்குத்தான். ஆனால் சாயங்காலம் தங்கை போன் பண்ணுவாளே, அதை எந்த மூஞ்சியோடு எடுப்பது?

"கேஸ் இருந்துச்சு" என்றார். "நல்லாவே இருந்துச்சு. நான்தான் வெளிய விட்டேன். இருக்கா இல்லையான்னு தினமும் வால்வை அழுத்திப் பாப்பேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்ப வந்து நல்லவராகாதீங்க. சத்தம் போட்டுட்டீங்க, தங்கச்சி புருஷன் வேலை போகுதுன்னதும் மனசு கேக்கல. அதுக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. தினமும் எவனாவது ஏசி வால்வை அழுத்துவானா? எனக்குக் காது குத்தாதீங்க."

"உண்மையத்தான் சொல்றேன்!"

"வேணாம் மச்சான்." மாப்பிள்ளைதான் பேசினார். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நீங்க இவ்வளவு சொன்னதே போதும்."

ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் ஒரே ஒரு தடவை முழு உண்மையைச் சொன்னால், நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை. எதுக்கும்காரருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "வாங்க" என்று முதலாளியை வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

முதலாளியைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையைப் பானெட்டுக்குள் விட்டார். அந்தக் கைக்குக் கண் தேவைப்படவில்லை. குழாய்களுக்கு நடுவே புகுந்து, வால்வின் மூடியை இரண்டு விரலால் திருகி உள்ளங்கையில் ஒதுக்கிக்கொண்டது. சட்டைப்பையிலிருந்த வீட்டுச் சாவியின் நுனி அடுத்த கணம் ஊசியின் மேல் இருந்தது. சோதனைக்கு ஏற்றிய காற்று புஸ்ஸென்றது. மூடி திரும்ப ஏறியது. விரல் தானாகப் போய்ப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டது. அந்த இடத்தில் துணி கறுத்து, எண்ணெய் ஏறிப் பளபளத்தது.

முதலாளி அந்தக் கறையைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"நம்பறேன்யா" என்றார் மெதுவாக. "இது இன்னைக்குக் கத்துக்கிட்ட கை இல்ல." பிறகு மாப்பிள்ளையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "போய் வேலையைப் பாரு. அடுத்த மாசத்துலேர்ந்து நீ நிரந்தரம்."

எதுக்கும்காரருக்குப் போன உயிர் வந்தது. தங்கைக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். மாப்பிள்ளை நகரவே இல்லை. அவர் பார்வை இன்னும் அந்தப் பேன்ட்டின் மேலேயே இருந்தது.

"தினமுமா?" என்றார் மாப்பிள்ளை.

"என்ன மாப்ள?"

"நான் வேலையை முடிச்சுக் குடுத்த அன்னைக்கு, என்னையும் உங்க தங்கச்சியையும் வண்டியிலயே வீட்டுல கொண்டுவந்து விட்டீங்களே. உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போனீங்க. அன்னைக்கும் பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்றைக்கு அவர் வாயில் உண்மை மட்டும்தான் வந்தது. "கிளம்பறப்போ... உங்க வாசல்லதான். ஒரே ஒரு தடவை."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். கையிலிருந்த துணியை மடித்து, கழற்றிப் போட்ட கம்ப்ரசருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வேற கம்ப்ரசர் வரவழைக்கணும். வந்ததும் ஒர்க்‌ஷாப்லேர்ந்து போன் பண்ணுவாங்க" என்றார். "வந்து வண்டியை எடுத்துக்குங்க, சார்."